பதினெட்டு வளைவும் ஒரு கொய்யாக் குச்சியும்

அக்குறணையிலிருந்து ஏறாவூருக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்தேன் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் வியக்கப் போவதில்லை. ஏறக்குறைய 200 கிலோமீற்றர். சுபஹுக்குப் பின் புறப்பட்டால் பகல் சோற்றுக்கு வீடு போய்ச் சேரலாம். ஆனால் நான் போனது 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில். அந்த நாட்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலைக் கடைசியில் கியூ.ஆர். முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுத்தார்கள். லீற்றர் 450 ரூபா. அதற்கு முன் இரவு பகலாக வரிசையில் கிடந்தவர்களுக்கு அந்த நான்கு லீற்றரே பெரிய நிஃமத்தாகத் தெரிந்தது.

என் சொந்த ஊர் ஏறாவூர். ஆசிரியத் தொழில் என்னை மலைநாட்டுக்குக் கொண்டு வந்து பதினைந்து வருடங்களாகி விட்டன. ஓகஸ்ட் முதற் கிழமையில் ராத்தா தொலைபேசியில் கதைத்தார். "உம்மாக்கு ஏலாம இரிக்கி. சோறு தண்ணி இல்ல. உன்னத்தான் கேட்டுக்கிட்டு இரிக்கா. எப்பிடியாவது வந்துட்டுப் போ." பஸ்களும் அப்போது பெயருக்குத்தான் ஓடின. எது எந்த ஊரில் நின்றுவிடும் என்று யாருக்கும் தெரியாது.

வீட்டு விறாந்தையில் வாப்பாவின் பழைய ஹொண்டா சீ.ஜீ. 125 நின்றது. 1980களின் தொடக்கத்தில் அவர் வாங்கியது. அவர் மௌத்தான பின் என்னிடம் வந்தது. ஹொண்டா கம்பனி 1970களில், ஒழுங்கான பராமரிப்புக் கிடைக்காத நாடுகளை மனதில் வைத்தே இந்த எஞ்சினைச் செய்தது. மேலே சங்கிலியும் பல்லுச் சக்கரமும் வைத்து நுணுக்கம் காட்டாமல், இரண்டு கம்பிகளால் வால்வைத் தள்ளித் திறக்கிற எளிய அமைப்பு. ஒயில் மாற்றப் பிந்தினாலும் பொறுத்துக்கொள்ளும். காற்றிலேயே குளிரும். தண்ணீர், ரேடியேற்றர் ஒன்றும் கிடையாது. இந்தப் பொறுத்துக்கொள்ளும் குணத்தை நம்பித்தான் நான் கெட்டேன்.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வண்டி ஓடவில்லை. தாங்கியும் காபரேற்றரும் வறண்டு கிடந்தன. பெற்றோலில் ஊறிக்கொண்டிருக்கும் வரைதான் ரப்பர் வாசர்களுக்கு உயிர். காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும். காபரேற்றருக்குள் மிஞ்சிக் கிடக்கும் பெற்றோலும் ஆவியாகிப் போகும்போது பழுப்பு நிறத்தில் பிசின் போன்ற ஒன்றை விட்டுவிட்டுப் போகும். இவையெல்லாம் பின்னால் எனக்கு விளங்கியவை. முதற் தடவை நான்கு லீற்றரை அடித்துக்கொண்டு வந்து வண்டியை நிறுத்திய மறுநாள் காலையில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். விறாந்தைச் சீமெந்தில் ஈரம். வீடு முழுக்கப் பெற்றோல் மணம். சமையல் எரிவாயு கிடைக்காமல் பின்வளவில் விறகு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த காலம் அது. என் மனைவி பயந்து போய் அடுப்பை அணைத்துவிட்டார். செய்ததும் சரிதான்.

காபரேற்றரின் அடியில் ஒரு மெல்லிய குழாய் தொங்கும். அதன் நுனியிலிருந்துதான் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. விழுவது என் நான்கு லீற்றர் அல்லவா! கராஜுக்குக் கொண்டு போனால் போகவர அதற்கும் பெற்றோல் செலவு. வளவில் நின்ற கொய்யா மரத்தில் ஒரு குச்சியை வெட்டி, கூராகச் சீவி, அந்தக் குழாயின் வாயில் இறுக்கி, நூலால் சுற்றிக் கட்டினேன். சொட்டு நின்றது. அன்று முழுதும் எனக்கு ஒரு சிறு பெருமை இருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

பெற்றோல் டெப்பை மூடி வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாப்பா மூடுவார். வண்டியை நிறுத்தினால் சாவியை எடுப்பதற்கு முன் அவருடைய இடக்கை டெப்புக்குத்தான் போகும். 1990களில் எங்கள் பக்கம் பெற்றோல் இலகுவில் கிடைக்காத நாட்கள் பல இருந்தன. அந்தப் பழக்கம் அவர் கையிலேயே ஊறியிருந்தது. அவர் மறந்தாலும் உம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். நானோ, குச்சி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் டெப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டேன்.

அடுத்த கிழமையின் பங்கையும் அடித்து, பயணத்துக்கென்று சேர்த்து வைத்தேன். பாடசாலைக்கு நடந்தே போனேன். ஆனால் இரண்டு நாள் கழித்துத் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தால், அளவு குறைந்திருந்தது. கீழே சீமெந்தில் ஒரு பொட்டு ஈரமில்லை. மணமுமில்லை. பிறகு எங்கே போயிருக்கும்?

அந்த நாட்களில் இரவில் குழாயைச் செருகிப் பெற்றோல் உறிஞ்சுகிறார்கள் என்ற கதை எல்லா ஊரிலும் இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், பதினாறு பதினேழு வயதிருக்கும், வண்டியென்றால் உயிர். என் சைக்கிளைக் கழுவித் தருவது, பிளக்கைத் துடைப்பது எல்லாம் அவன்தான். அவனுடைய நானா முச்சக்கர வண்டி ஓட்டுபவர். எனக்குள் ஒரு கணக்கு தானாகவே ஓடியது. வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து இரவில் கேற்றைப் பூட்டினேன். அவன் வண்டியைத் துடைக்க வந்தபோது, "வேண்டாம் மகன், அதைத் தொடாதே" என்றேன். அவன் துணியை மடித்து விறாந்தைக் கட்டில் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் வரவில்லை.

புறப்படும் காலையில் ஒயில் பார்த்தேன். ஒயில் மூடியோடு சேர்ந்து வரும் அளவுக் கம்பியில், மேற்கோட்டுக்கும் மேலே ஒயில் நின்றது. நாற்பது வருட வண்டி, ஒயில் குறையவேயில்லை என்று மகிழ்ந்துகொண்டேன். ஒயில் குறையலாம். தானாகக் கூடுமா என்ற கேள்வி இந்த மௌலவியின் தலையில் உதிக்கவில்லை. கிக்கரை மிதித்தபோது முதல் மிதியில் கால் பாதியில் நின்றது, ஏதோ இறுகினாற் போல. இரண்டாம், மூன்றாம் மிதியில் கறுப்புப் புகையோடு பிடித்துக்கொண்டது. எஞ்சின் எனக்கு மூன்று அடையாளம் காட்டியது. நான் மூன்றையும் பார்த்துவிட்டுப் புறப்பட்டேன்.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, கண்டிக்குள் போய், தென்னக்கும்புரவில் மறுபடி அதே ஆற்றைக் கடந்து, திகன வழியாகத் தெல்தெனிய. காலைக் குளிரில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. வலப்பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம் பனிக்குள் கிடந்தது. அந்தத் தண்ணீருக்குள்தான் பழைய தெல்தெனிய நகரம் இருக்கிறது. 1980களில் அணைக்கட்டு எழுந்தபோது மூழ்கியது. நீர் நன்றாக வற்றும் காலங்களில் பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தெரியும். பார்க்கப் போகிறவர்களும் உண்டு.

தெல்தெனிய தாண்டினால் ஏற்றம். ஹுன்னஸ்கிரிய வரை வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே போக வேண்டும். அங்கேதான் தொடங்கியது. மூன்றாம் கியரில் ஏறுகிற இடத்தில் இரண்டாம் கியர் கேட்டது. பிறகு இரண்டாம் கியரிலும் இழுக்கவில்லை. முழங்கால்களுக்கிடையில் அடுப்பை வைத்தாற்போல் வெக்கை. டெப்பட் சத்தம் தையல் மெஷினைப் போல் மெல்லியதாக இருந்தது, கொல்லன் பட்டறையைப் போல் மாறியது. கூடவே பெற்றோல் மணம். ஹுன்னஸ்கிரியவுக்குக் கொஞ்சம் முன்னால் அக்சிலேற்றரை முறுக்க முறுக்க வேகம் குறைந்தது. யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது போல எஞ்சின் இறுகியது. கிளட்சைப் பிடித்து, ஓரமாக ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் நிறுத்தினேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். நான் கேட்காமலே ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கையை நீட்டித் தடுத்தேன். மோட்டார் சைக்கிளைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு சில விடயங்களில் இது ஒன்று. கொதிக்கும் எஞ்சினில் தண்ணீர் ஊற்றக்கூடாது. சிலிண்டரும் மேல்மூடியும் வெவ்வேறு உலோகம். ஒரே நேரத்தில் ஒரே அளவில் சுருங்கா. வெடிப்பு விழலாம், கோணலாகலாம். நிழலில் நிறுத்தி, காற்றுப்பட விட்டுக் காத்திருப்பதுதான் வழி. அந்த வாளித் தண்ணீரில் நான் முகம் கழுவிக்கொண்டேன். ஒரு பிளேன்டீ குடித்தேன். பிறகு இன்னொன்று. முக்கால் மணி நேரம் போயிற்று.

அங்கிருந்து உடதும்பர கடந்ததும் பதினெட்டு வளைவு. இந்தப் பாதையால் போனவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. போகாதவர்களுக்குச் சொல்வதென்றால், மலைநாடு முடிகிற விளிம்பில் நின்று பார்க்கும்போது, கீழே மஹியங்கனைச் சமவெளி பச்சையும் மஞ்சளுமாக விரித்துப் போட்ட பாயைப் போல் கிடக்கும். அதன் நடுவே மகாவலி மினுங்கும். குளிர் அந்த விளிம்போடு முடிந்துவிடும். ஒவ்வொரு வளைவு இறங்கும்போதும் காற்று ஒரு படி சூடாகிக் கொண்டு வருவது கன்னத்தில் தெரியும்.

அன்று எனக்கு ஒரு புத்தி வந்தது. இறக்கம்தானே, எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் இறங்கினால் பெற்றோலும் மிச்சம், எஞ்சினும் ஆறும். அந்த வருடம் எத்தனையோ பேர் அப்படித்தான் மலை இறங்கினார்கள். முதலாவது வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவதில் பிரேக் கால் வழமையை விட ஆழமாகப் போனது. லைனிங் கருகும் மணம் வந்தது. இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் ட்ரம் பிரேக். எஞ்சின் பிடித்து வைத்திருக்க வேண்டிய பாரத்தையெல்லாம் அந்த இரண்டு ட்ரம்களும் தாங்கினால் அவை சூடேறிப் பிடியை இழந்துவிடும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை. ஓரம் கட்டி, எஞ்சினை இயக்கி, இரண்டாம் கியரில் போட்டு, மீதி வளைவுகளை மாட்டு வண்டியின் வேகத்தில் இறங்கினேன். மிச்சம் பிடிக்கப் பார்த்த பெற்றோல் ஒரு மேசைக்கரண்டி இருக்குமோ என்னவோ.

ஹஸலக்கவில் ஒரு மருத மரத்தின் கீழ் தகரக் கொட்டில் ஒன்று. வெளியே இரண்டு கை உழவு இயந்திரங்கள் பிரித்துப் போடப்பட்டிருந்தன. பாஸுக்கு அறுபது வயது கடந்திருக்கும். என் தொப்பியைப் பார்த்துவிட்டு, "வாங்க மௌலவி, சூடாகிட்டதா?" என்று சிங்களத்தில் கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பிரேக்குக்காக வருவார்கள். இல்லாவிட்டால் சூட்டுக்காக வருவார்கள்" என்றார்.

எஞ்சினில் தண்ணீரைத் தெளித்தால் சீறுகிறது பாஸ் என்று நான் தொடங்கினேன். அவர் சிரித்தார். காற்றில் குளிரும் எஞ்சின் எப்போதும் தண்ணீரைச் சீற வைக்கும், அது நோயல்ல என்றார். இழுவை குறைந்து சத்தம் கூடினால்தான் நோய். பிறகு அவர் எஞ்சினைத் தொடவேயில்லை. முதலில் பின் சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பார்த்தார், பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறதா என்று. சக்கரத்தைக் கையால் சுற்றினார். செயினை விரலால் தூக்கிப் பார்த்தார், மிக இறுக்கமா என்று. சிலிண்டரின் தகட்டு இடுக்குகளில் சேறு அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். எஞ்சினைச் சூடாக்கும் காரணங்களில் பாதி எஞ்சினுக்கு வெளியே இருக்கின்றன என்பது அவருடைய கணக்கு. இறுகிய பிரேக்கை இழுத்துக்கொண்டு ஓடும் எஞ்சின், முதுகில் மூட்டையோடு மலையேறும் மனிதனைப் போன்றது. அவனுக்குக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்து என்ன பயன்?

வெளியே ஒன்றுமில்லை என்றதும், "கசிவு இருக்கா?" என்றார். இருந்தது, நிறுத்திவிட்டேன் என்றேன், கொஞ்சம் பெருமையோடு. "எப்படி?" என்று கேட்கவில்லை. ஒரு பழைய துணியால் டெப், குழாய், காபரேற்றர் எல்லாவற்றையும் உலரத் துடைத்தார். குழந்தைக்குப் பூசும் பவுடர் டப்பா ஒன்றை எடுத்து, எல்லா இணைப்புகளிலும் மெல்லத் தூவினார். பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சும்மா பார்த்தால் எங்கிருந்து கசிகிறது என்று தெரியாது. பெற்றோல் மேலே கசிந்து கீழே வழிந்து, கடைசியில் சொட்டுகிற இடத்தைத்தான் நமக்குக் காட்டும். வெள்ளைப் பவுடரில் அது பிறக்கிற இடமே கறுத்துத் தெரியும். ஐந்து நிமிடத்தில் இரண்டு இடம் கறுத்தது. டெப்பின் அடியிலுள்ள சிறு கோப்பையின் ரப்பர் வளையம் ஒன்று. குழாயின் நுனி மற்றது. வளையத்தை மாற்றினார். குழாயின் நுனி மரத்துப்போய் வெடித்திருந்தது. ஒரு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பகுதியைப் பொருத்திக் கிளிப் போட்டார்.

பிறகுதான் அந்தக் கொய்யாக் குச்சியைக் கண்டார்.

நூலை அறுத்துக் குச்சியை உருவியதும் பெற்றோல் பாய்ந்தது. டெப்பை மூடிவிட்டு, குச்சியை விரலிடையில் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் என் மாணவர்கள் மீது எத்தனையோ தடவை எறிந்திருக்கிறேன். வாங்கியது அன்றுதான். வேறொன்றும் பேசாமல் ஒயில் மூடியைத் திருகி எடுத்தார். ஒயிலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து என் மூக்கருகே நீட்டினார். தேன்போல் இழுபட வேண்டியது, தண்ணீர்போல் வழுக்கியது. முழுக்கப் பெற்றோல் மணம்.

வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரம்பினால் மிதவை எழும்பி வாயை அடைக்கும். காபரேற்றரின் கோப்பையிலும் அதே ஏற்பாடுதான். மிதவை எழும்பி, ஊசி போன்ற ஒரு சிறு வால்வைத் துளையில் தள்ளும். அந்த ஊசியில் பிசின் படிந்தாலோ, முனை தேய்ந்தாலோ துளை மூடாது. பெற்றோல் வந்துகொண்டேயிருக்கும். அப்படி நிரம்பி வழிவதை வெளியே விடுவதற்காக வைத்ததுதான் அந்த மெல்லிய குழாய். அது பழுதல்ல, பழுதை நமக்கு அறிவிக்கும் வாய். நான் வாயை அடைத்துவிட்டேன். பெற்றோல் வெளியே போக வழியில்லாமல் எஞ்சினுக்குள் திரும்பி, திறந்திருந்த வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைக் கசிந்து கடந்து, ஒயிலில் கலந்துவிட்டது. நீர்த்துப்போன ஒயிலால் உலோகங்களுக்கிடையில் படலமாக நிற்க முடியவில்லை. உராய்வு கூடியது. உராய்வு சூடானது. காலையில் கிக்கர் பாதியில் நின்றதும், ஒயில் கூடியிருந்ததும், மணமில்லாமல் பெற்றோல் குறைந்ததும் எல்லாம் ஒரே கதை.

அறபுக் கல்லூரியில் உஸூலுல் பிக்ஹ் படித்த காலத்தில் 'இல்லத்' என்ற சொல்லோடு நாங்கள் பட்ட பாடு எனக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சொல்லுக்கு நோய் என்றும் பொருள், காரணம் என்றும் பொருள். எங்கள் உஸ்தாத் மாதக்கணக்கில் அதைப் பிரித்துப் பிரித்து விளக்கினார். பரீட்சையில் எழுதித் தேறியும் விட்டேன்.

பாஸ் கீழேயுள்ள ஆணியைக் கழற்றி, ஒயிலை ஒரு பேசினில் வடித்தார். ஒரு லீற்றர் கூடப் பிடிக்காத எஞ்சின் அது. பேசினில் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் நின்றது. "இந்தாங்க மௌலவி, காணாமற்போன பெற்றோல்" என்றார். அவருக்கு அது பகிடி. எனக்கு, விறாந்தைக் கட்டில் மடித்து வைக்கப்பட்ட ஒரு துணி கண்முன் வந்தது. வெயிலுக்குச் சொல்லிக்கொண்டு முகத்தைத் துடைத்தேன்.

அந்தப் பேசினை அவர் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல், தூரத்தில் ஒரு பீப்பாவில் ஊற்றி மூடினார். வெற்றிலைதான் போடுவார், கொட்டிலுக்குள் யாரையும் சிகரெட் பிடிக்க விடமாட்டார். காபரேற்றரைப் பிரித்து ஊசியை எடுத்தார். ரப்பர் முனையில் நகத்தால் கீறினாற்போல் ஒரு வளையம் தேய்ந்திருந்தது. புதியது கிடைக்காத காலம். பழைய தகரப் பெட்டியொன்றைக் கவிழ்த்து, நாலைந்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அதற்கு அவர் வைத்த பரீட்சை எளிது. காபரேற்றரைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவையின் பாரம் ஊசியைத் துளையில் அழுத்தும். அப்போது பெற்றோல் வரும் வாயில் குழாயை வைத்து ஊதினால் காற்று போகக்கூடாது. நான்காவது ஊசியில் அவருடைய கன்னம் உப்பி நின்றது. காற்றுப் போகவில்லை.

எஞ்சின் முற்றாகக் குளிர்ந்த பிறகுதான் டெப்பட்டைப் பார்த்தார். சூட்டில் பார்த்தால் அளவு பொய் சொல்லும். 0.08 மில்லிமீற்றர் தகடு ஒரு பக்கம் நுழைந்தது, புகை போகும் பக்கம் நுழையவில்லை. அதையும் தளர்த்திச் சரிசெய்தார். "சத்தம் போடுகிற டெப்பட்டுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். சத்தமே போடாத டெப்பட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்" என்றார். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. வெந்து கருகிவிடும். புது ஒயில் ஒரு டின்னைப் பக்கத்துக் கடையில் வாங்கினேன். அதன் விலையைக் கேட்டபோது எஞ்சினை விட எனக்குத்தான் கூடச் சூடு. பாஸ் தன் கூலியாகக் கேட்டது அதில் காற்பங்கும் இல்லை. குச்சியை மட்டும் திருப்பித் தரவில்லை. கொட்டிலின் தகரத்தில் செருகி வைத்தார், வருகிறவர்களுக்குக் காட்டவாம்.

மூன்றாம் தடவை மகாவலியைக் கடந்து மஹியங்கனையில் சோறு தின்று, லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு ஏறியபோது நேரம் இரண்டரை. பதியத்தலாவ வரை சுகமாக ஓடியது. அங்கிருந்து கிழக்கே திரும்பியதும் கச்சான் பிடித்துக்கொண்டது. ஆடி மாதத்துக் கச்சான் காற்றை மட்டக்களப்பாருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மேற்கே மலை தாண்டி வறண்டு, அனலாக இறங்கும் காற்று அது. முதுகில் தள்ளியது. பின்காற்று, பெற்றோல் மிச்சமாகும் என்று சந்தோசப்பட்டேன். ஆனால் பத்து கிலோமீற்றர் போனதும் ஒன்று உறைத்தது. என் முகத்தில் காற்றே படவில்லை. 45 கிலோமீற்றர் வேகத்தில் போகிறேன், தாடி அசையவில்லை. காற்றும் என்னோடு அதே திசையில் வந்துகொண்டிருந்தது. எனக்குப் படாத காற்று எஞ்சினுக்கு மட்டும் எப்படிப் படும்? வேகமாக ஓடினால் ஆறும் என்று நாங்கள் நினைக்கிற வண்டி, பின்காற்றில் நின்ற இடத்தில் நிற்பதைப் போலத்தான். ஒவ்வொரு இருபது கிலோமீற்றருக்கும் ஒரு மரநிழலில் நிறுத்தினேன். நிறுத்தும்போதெல்லாம் டெப்பை மூடினேன். மூடினேனா என்று மறுபடி குனிந்து பார்த்தேன்.

மஹஓயாவில் வெந்நீர் ஊற்றுக்கள் இருக்கின்றன. சின்ன வயதில் வாப்பா என்னை இதே வண்டியின் தாங்கி மேல் இருத்திக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். விரலை வைத்துவிட்டு அழுதேனாம். அன்று அந்தப் பக்கம் திரும்ப நேரமில்லை. ஒரு நாளைக்குப் போதுமான சூட்டைப் பார்த்தும் விட்டேன். மஹஓயாவிலிருந்து புல்லுமலை, கரடியனாறு வழியாகச் செங்கலடி வரை காட்டுப் பாதை. பொழுது சாயும் நேரத்தில் யானை கடக்கும். அங்கே எஞ்சின் இறுகினால் நிழல் பார்த்து நிறுத்த முடியாது. விரட்டினால் சூடாகும், மெதுவாகப் போனால் இருட்டும். காதை டெப்பட் சத்தத்திலேயே வைத்துக்கொண்டு ஓட்டினேன். புல்லுமலைக்கு அப்பால் பாதை நடுவே இன்னும் ஆவி பறக்கும் யானை லத்தி கிடந்தது. ஆளைக் காணவில்லை, அல்ஹம்துலில்லாஹ். டெப்பட் தையல் மெஷினாகவே இருந்தது.

செங்கலடிச் சந்தியில் மஃரிப் பாங்கு கேட்டது. ஏறாவூரில் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தியபோது நன்றாக இருட்டிவிட்டது. ராத்தா விளக்கோடு ஓடி வந்தார். உள்ளே கட்டிலில் கிடந்த உம்மாவுக்கு அந்த எஞ்சின் சத்தம் போதும், யார் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. மூன்று நாளாகச் சரியாகப் பேச்சில்லை என்று ராத்தா சொன்ன உம்மா, உள்ளேயிருந்து கேட்டார்:

"டெப்ப மூடினியா மகன்?"

மூடினேன் உம்மா என்றேன். அன்றிரவு அரைக் கோப்பை கஞ்சி குடித்தார். நான் அங்கே ஐந்து நாள் நின்றேன். அடுத்த கிழமைக்குரிய நான்கு லீற்றரை ஏறாவூரிலேயே அடித்துக்கொண்டு, கச்சான் எழும்ப முன் விடியற் காலையில் திரும்பினேன். உம்மா அதன் பிறகு ஒரு வருடமும் சில மாதங்களும் எங்களோடு இருந்தார். 2023 செப்ரெம்பர் முதலாம் திகதி கியூ.ஆர். முறையை நீக்கிய செய்தியை நான்தான் அவருக்குச் சொன்னேன்.

அக்குறணைக்குத் திரும்பிய அன்று பின்னேரமே பக்கத்து வீட்டுக்குப் போனேன். பையன் முற்றத்தில் நானாவின் முச்சக்கர வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒயில் கதையை முதலிலிருந்து சொன்னேன். பெற்றோல் குறைந்ததைச் சொல்லும் இடத்தில் நான் தடுமாறினேன். "நான் உன்னை நினைச்சுட்டேன் மகன். என்னை மன்னிச்சுக்கொள்ள வேணும்" என்றேன். அவன் தண்ணீர்க் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"ஓவர்ப்ளோ குழாய்க்கா குச்சி வெச்சீங்க மௌலவி?" என்றான். "எனக்கிட்டக் கேட்டிருக்கலாமே."